எரிச்சலை ஆற்றுதல்

தமிழில் எரிச்சல் என்பது தோலுக்கும் மனதுக்கும் பொதுவான சொல். மிளகாய் வற்றல் கிள்ளிய விரலில் இருப்பதும் எரிச்சல்தான். கல்லூரி விட்டு வரப் பத்து நிமிடம் பிந்தினால் வாசலில் நின்று மணி கேட்கும் அண்ணன்மேல் வருவதும் எரிச்சல்தான். இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்லையே மருந்தாகவும் வைத்திருக்கிறோம்: ஆற்றுதல். பாலை ஆற்றுகிறோம், புண்ணை ஆற்றுகிறோம், அழுகிறவளை ஆற்றுகிறோம். இலக்கணப்படி ஆறுதல் தன்வினை, ஆற்றுதல் பிறவினை. புண் தானாக ஆறும். ஆற்றுவதற்கு இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் யார், ஆற்றுவதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறதா என்பதைப் பற்றித்தான் நான் சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த நாட்களில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு டியூப். என் மாணவிகளின் பைகளில் சீப்பு, நாப்கின், பஸ் பாஸ் இவற்றோடு அதுவும் கிடக்கிறது. வெளிர்பச்சை நிறம், வட்டமான இலை ஒன்றின் படம், ‘சிகா’ என்ற சொல். தழும்பு கட்டிப் புண் ஆறுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் தலைத்துண்டு அது. கொரிய அழகுப்பொருள்களோடு உலகம் சுற்றிவிட்டு எங்கள் ஊர் ஃபேன்சி ஸ்டோருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பின்பக்கத்துப் பொடியெழுத்தில் ‘சென்டெல்லா ஏசியாட்டிகா’ என்று போட்டிருக்கும். நம் வல்லாரைதான்.

பாபநாசத்துக்காரர்களுக்கு வல்லாரையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. (தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம் அல்ல. பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணி தரையைத் தொடுகிற எங்கள் பாபநாசம்.) கோடைமேலழகியான் கால்வாய்க் கரையில், வயல் வரப்பில், ஈரம் நிற்கும் இடமெல்லாம் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். எங்கள் ஆச்சி அதைத் துவையல் அரைப்பாள். பரீட்சை வந்தால் இரண்டு இலையைக் கையில் கொடுத்து மெல்லச் சொல்வாள், ஞாபகத்துக்கு நல்லதாம். யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி வல்லாரைச் சம்பலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டாள். எங்கள் வீட்டில் அது வயிற்றுக்குப் போகிற கீரை. முகத்துக்குப் போகிற சரக்காக நாங்கள் யாரும் அதை நினைத்ததில்லை.

அது தோலுக்கு வந்த வழியில் தமிழ்நாடும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொழுநோய்க்கு மருந்து தேடியவர்கள் இந்தச் செடியைக் கையில் எடுத்தார்கள். புதுச்சேரியில் இருந்த லெப்பின் என்ற பிரெஞ்சு மருந்தாளர் 1855இல் இதைப் பகுத்துப் பார்த்து, தனக்குக் கிடைத்த பொருளுக்கு ‘வெல்லரின்’ என்று பெயர் வைத்தார். வல்லாரை என்ற தமிழ்ப்பெயரிலிருந்து எடுத்த பெயர். சென்னைத் தொழுநோய் மருத்துவமனையில் இதைக் கொடுத்துப் பார்த்த ஹன்டர் என்ற மருத்துவர், தொழுநோயைத் தீர்க்கும் மருந்தென்று இதைச் சொல்ல முடியாது, ஆனால் நோயாளியின் உடல்நிலை தேறுகிறது என்று முடிவு கட்டினார். 1868இல் வெளிவந்த இந்திய மருந்துநூலில் வல்லாரை ஏறியது. வெல்லரின் என்ற பெயர் வேதியியலில் நிற்கவில்லை. 1941இல் மடகாஸ்கர் வல்லாரையிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு ஏசியாட்டிகோசைடு என்று பெயரானது. அதன் கூடப்பிறந்த இன்னொன்று மடெகாசோசைடு. இன்றும் அழகுப்பொருள் ஆலைகளுக்குப் போகும் வல்லாரையில் பெரும்பங்கு மடகாஸ்கர் கிராமத்தார் கையால் பறிப்பது. ஆசியாவும் மடகாஸ்கரும் பெயரில் தங்கின, தமிழ் உதிர்ந்துவிட்டது. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. இந்தக் கதையில் என்னை நிறுத்துவது வேறொன்று. நவீன மருத்துவம் இந்த இலையை முதலில் தேடியது, தோலின் காரணமாக ஊரைவிட்டு ஒதுக்கப்பட்டவர்களுக்காக. இப்போது அதைத் தேடுகிறவர்கள், தோலின் காரணமாக ஒதுக்கப்பட்டுவிடுவோமோ என்று பயப்படும் பெண்கள்.

போன வருடம் இறுதியாண்டு மாணவி ஒருத்தி துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு வந்து என் மேசைப் பக்கம் நின்றாள். விலக்கிக் காட்டினாள். இரண்டு கன்னமும் சிவந்து, தோல் மெலிந்து உள்ளிருக்கும் நரம்பு தெரிந்தது. “வெயில் பட்டா தீ வச்ச மாதிரி இருக்கு மேடம்.” அப்புறம் பையிலிருந்து ஒரு வல்லாரை டியூப்பை எடுத்து நீட்டினாள். “இது சேஃபா?”

விசாரித்தபோது கதை பின்னோக்கிப் போனது. ஆறு மாதத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கல்யாணம். நிறம் கூடுவதற்கு என்று தெரிந்தவர்கள் சொன்ன ஒரு கிரீமை வாங்கிப் பூசியிருக்கிறாள். “அக்காவைப் பாக்க வர்றவங்க என்னையும் பாப்பாங்கல்ல மேடம்.” பூசிய சில நாளிலேயே முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. கல்யாணம் முடிந்து நிறுத்தினாள். நிறுத்தியதும் எரியத் தொடங்கியது. மறுபடி பூசினால் அடங்கியது, விட்டால் முன்னைவிட அதிகமாக எரிந்தது. அந்த எரிச்சலுக்குத்தான் இந்த இரண்டாவது டியூப்.

‘இது சேஃபா?’ என்ற கேள்விக்குத் தெரிந்தவரை நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பெண்கள் கேட்கும் அழகுப்பொருள் கேள்விகளை அற்பம் என்று தள்ளுகிற பழக்கம் ஆண் அறிவாளிகளிடம் மட்டுமல்ல, நம்மிடமும் உண்டு. தன் தோலில் என்ன படுகிறது என்று கேட்பது அற்பமான கேள்வி அல்ல.

வல்லாரைச் சாறு சேர்ந்த பூச்சு பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. அமெரிக்காவில் அழகுப்பொருள்களின் உட்கூறுகளை மதிப்பிடும் நிபுணர் குழு ஒன்று 1976 முதல் இருக்கிறது. வல்லாரையிலிருந்து வரும் பொருள்களை ஆராய்ந்து, ஒவ்வாமையைத் தூண்டாத விதத்தில் தயாரிக்கப்பட்டால், இப்போது சேர்க்கப்படும் அளவுகளில் அவை பாதுகாப்பானவை என்று அது சொல்லியிருக்கிறது. அந்தக் குழுவுக்குச் செலவு செய்வது அழகுப்பொருள் தொழில்தான் என்பதையும் தெரிந்து வைத்துக்கொண்டு அந்த முடிவைப் படிக்கலாம். படித்துவிட்டுத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ‘ஒவ்வாமையைத் தூண்டாத விதத்தில்’ என்ற நிபந்தனை முக்கியமானது. வல்லாரைப் பூச்சால் தோல் சிவந்து கொப்புளித்தவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் இருக்கின்றன. 1993இல் வந்த ஒரு ஆய்வு இதைப் பலவீனமான ஒவ்வாமைத் தூண்டி என்றது. பலவீனம்தான், ஆனால் உங்கள் தோல் அந்தச் சிலரில் ஒன்றா என்று எந்தக் குழுவும் சொல்ல முடியாது. முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு தினம் இரண்டு வேளை, ஏழு முதல் பத்து நாள் பூசிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போக வேண்டும். அப்படிச் சிவந்தால்கூடக் காரணம் வல்லாரையாக இல்லாமல் கூடச் சேர்த்த வாசனைப் பொருளாகவோ கெடாமல் காக்கும் ரசாயனமாகவோ இருக்கலாம். டியூப்பின் முன்பக்கத்து இலையைவிட, பின்பக்கத்துப் பட்டியலில் அந்த இலையின் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. அதிகம் இருப்பது முதலில் வரும். வல்லாரை பல நேரம் கடைசி வரியில் நின்றுகொண்டிருக்கும்.

இதம் தருமா? புண் ஆறுவதற்கு இந்த மூலக்கூறுகள் உதவுகின்றன, தோலில் கொலாஜன் உருவாவதைத் தூண்டுகின்றன என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்றும் சிறிய அளவிலான மருத்துவச் சான்றும் உண்டு. விளம்பரம் சொல்லுகிற அளவுக்கு இல்லை.

அப்படியானால் டியூப் எதற்கு, வரப்பில் கிடப்பதைப் பறித்து அரைத்துப் பூசலாமே என்று சொல்பவர்கள் எங்கள் ஊரில் அதிகம். இயற்கை கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை அது. பொதிகை அடிவாரத்துக்காரர்கள் இப்படிச் சொல்லலாமா? செந்தட்டியை மிதித்து நடந்த யாருக்கும் இயற்கையின் இன்னொரு குணம் தெரியும். சேங்கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்துபோகும், அதுவும் இயற்கைதான். வல்லாரை, தான் நிற்கும் மண்ணிலிருந்து ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி. சாக்கடை கலக்கிற இடத்து வல்லாரையும் மலையடிவாரத்து வல்லாரையும் ஒன்றல்ல. பாபநாசத்துப் படித்துறையில் பாவம் தொலைப்பதற்காக உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். நம் பாவத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஆறு அதை எங்கே வைத்துக்கொள்கிறது என்று யாரும் கேட்பதில்லை. செடி கேட்காமலேயே உறிஞ்சிக்கொள்கிறது. தவிர, அரைத்த பச்சிலையில் மண்ணும் கிருமியும் இருக்கும். திறந்த புண்ணில், ஏற்கெனவே வெந்த முகத்தில் அதை அப்புவது ஆபத்து. உள்ளே சாப்பிடுவதிலும் துவையல் வேறு, மாத்திரை வேறு. 2005இல் அர்ஜென்டினா மருத்துவர்கள் வல்லாரை மாத்திரையைச் சில வாரங்கள் சாப்பிட்டு மஞ்சள்காமாலை கண்ட மூன்று பெண்களைப் பற்றி எழுதினார்கள். நிறுத்தியதும் தேறினார்கள். கீரையாகப் பரிமாறப்பட்ட ஒன்று குப்பியில் அடைபட்டதும் அளவு மாறிவிடுகிறது.

இவ்வளவையும் சொன்ன பிறகும் அந்தப் பெண்ணின் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அவள் ஆபத்து இரண்டாவது டியூப்பில் இல்லை. முதல் டியூப்பில் இருந்தது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு அவளை அனுப்பினேன். முதல் கிரீமில் இருந்தது ஸ்டீராய்டு என்றார்கள். கரப்பான் போன்ற தோல் நோய்க்கு மருத்துவர் அளந்து கொடுக்க வேண்டிய மருந்து அது. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், நிறுத்தினால் எரியும், அந்த எரிச்சல் மறுபடி அதையே தேட வைக்கும். இந்தியாவில் இது ஒரு தனி நோய்ப்பெயர் பெறும் அளவுக்குப் பரவியிருக்கிறது. 2011இல் வெளியான, பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வில் முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 29 பேர் அதை நிறம் கூட்டும் கிரீமாகவோ சாதாரண முகப்பூச்சாகவோ நினைத்துத்தான் பூசினார்கள். வெளிப்பூச்சு என்ற காரணத்தால் மருந்துச்சீட்டு இல்லாமல் கைநீட்டி வாங்க முடிந்தது. 2018இல்தான் 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய பட்டியலில் அரசு சேர்த்தது. பட்டியல் ஊருக்கு வந்து சேரவில்லை.

ஸ்டீராய்டு மட்டுமல்ல. கேரளத்தின் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். 15 பேரிடம் வழக்கத்தில் அரிதான ஒரு வகை இருந்தது. அந்தப் பதினைந்தில் 13 பேர் நிறம் கூட்டும் கிரீம் பூசியவர்கள். அந்தக் கிரீம்களில் பாதரசம். தோலில் பூசியது சிறுநீரகத்தில் போய்ப் பேசியிருக்கிறது. 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் தன் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. பெயர்கள் திருந்திவிட்டன. பெண்பார்க்க வருகிறவர்களின் கண் அப்படியேதான் இருக்கிறது.

எரிச்சல் என்பது தோல் எழுப்பும் ஆட்சேபம் என்று நான் நினைக்கிறேன். சிவப்பு, அரிப்பு, காந்தல் எல்லாம் தோல் சொல்லும் வார்த்தைகள்: இது வேண்டாம், இதை நிறுத்து. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் ஒரு ஃபீனால் சிலருக்குப் பொட்டு வைக்கும் இடத்தை வெள்ளையாக்கிவிடும். வெளுக்கும் முன்னால் பல நேரம் அந்த இடம் அரிக்கும். அரிப்பைப் பொறுத்துக்கொண்டு பொட்டு வைக்கிறோம், ஏனென்றால் வெறும் நெற்றிக்கு ஊரில் வேறொரு அர்த்தம் இருக்கிறது. தோல் சொன்னது கேட்காமல் இல்லை. ஊர் சொன்னது அதைவிடச் சத்தமாக இருந்தது.

இந்த ஆட்சேபத்தை அடக்கும் பொருளுக்கு நாம் இதம் என்று பெயர் வைத்திருக்கிறோம். வீட்டுக்குள் அதே வேலையைச் செய்யும் வார்த்தைகளும் உண்டு. பொறுத்துக்கோ, விட்டுக்கொடு, அவர் குணம் அப்படித்தான். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. அம்மாக்கள், அத்தைகள், பல நேரம் நாமே. புண் உண்டாக்கியவரைத் தொடாமல் புண்ணை மட்டும் தொடும் சொற்கள் அவை. ஒரு குடும்பத்தில் எல்லோருடைய எரிச்சலையும் ஆற்றும் பொருளாகப் பெண்ணே பயன்படுகிறாள் என்பதைச் சொல்லாமலே விட்டுவிடலாம், உங்களுக்குத் தெரியும்.

சட்டம் இந்த இடத்தில் வேடிக்கையாக இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டம் அழகுப்பொருள் என்றால் என்ன என்று வரையறுக்கிறது. உடலில் தேய்க்க, ஊற்ற, தூவ, தெளிக்க என்று வினைகளை அடுக்கிவிட்டு, எதற்காக என்பதற்கு நாலு நோக்கம் சொல்கிறது: சுத்தம் செய்ய, அழகுபடுத்த, கவர்ச்சியைக் கூட்ட, தோற்றத்தை மாற்ற. வலி தணிப்பது அதில் இல்லை. தணிப்பது மருந்தின் வரையறைக்குள் வருகிறது, அதற்கு நோய் என்று ஒன்று இருந்தாக வேண்டும், மருந்துக்குரிய சோதனையும் உரிமமும் வேண்டும். ‘இதமளிக்கும்’ என்ற சொல் இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. மருந்து என்று சொல்லாமல் மருந்தின் வாக்குறுதியைக் கொடுக்கிறது. பெண்ணின் எரிச்சலுக்குச் சட்டத்திலும் அந்தத் திண்ணைதான். நோய் என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்குப் பெரிதில்லை, அழகு என்று சொல்லவும் வழியில்லை.

இவ்வளவு சொன்னால், இதத்தையே மறுக்கச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். பெண்ணிய நண்பர்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். முகப்பூச்சே விலங்கு, காரணத்தை ஒழி, டியூப்பைக் குப்பையில் போடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இன்றைக்கு இரவு எரிகிற முகத்தோடு படுத்திருப்பவளிடம், நிறவெறி ஒழியும்வரை பொறு என்று சொல்வது, பொறுத்துக்கோ என்ற பழைய சொல்லின் இன்னொரு பதிப்பு. வலியை அப்படியே வைத்திருந்தால் கோபம் வரும், கோபம் வந்தால் மாற்றம் வரும் என்ற கணக்கை வலி இல்லாதவர்கள்தான் போடுகிறார்கள். தூங்காதவளுக்கு யோசிக்கவும் முடியாது, சண்டை போடவும் முடியாது.

எனக்கு வழி காட்டியது நான் பாடம் நடத்தும் பழைய பாடல்கள். அகப்பாடல்களில் தோல் பேசும். தலைவன் பிரிந்தாலோ மணம் செய்துகொள்ளாமல் நாள் கடத்தினாலோ தலைவியின் மேனியில் பசலை படரும். திருக்குறளில் பசலைக்கென்றே ‘பசப்புறு பருவரல்’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அவள் வாய் சொல்லாததை, சொல்லக் கூடாததைத் தோல் ஊருக்குச் சொல்லிவிடும். இலக்கண ஆசிரியர்கள் அவள் நிலைக்கு வைத்த பெயர் ஆற்றாமை.

அங்கே அவளை ஆற்றுவிக்கிறவள் தோழி. வருவான், பொறு என்று தேற்றுகிறாள். இதுவரை டியூப்பும் தோழியும் ஒன்றுதான். ஆனால் தோழியின் வேலை அங்கே முடிவதில்லை. அவளுக்கு இன்னொரு துறை இருக்கிறது, வரைவு கடாதல். தலைவனை நேரில் நிறுத்தி, இவளை எப்போது மணப்பாய் என்று கேட்பது. வழியின் ஆபத்தைச் சொல்வாள், ஊர் அலரைச் சொல்வாள், இவள் மேனியைப் பார் என்று காட்டுவாள். இன்னொரு உத்தி எனக்கு எப்போதும் பிடித்தது. தலைவன் வேலிக்கு அப்பால் மறைவில் நிற்பான். சிறைப்புறம் என்பார்கள். தோழி தலைவியைப் பார்த்துத் தேற்றுவது போலப் பேசுவாள், பேச்சு வேலிக்கு அப்பால் இருப்பவன் காதுக்காக. ஆறுதலும் கேள்வியும் ஒரே வாக்கியத்தில் போகும்.

தோழி கேட்பது கல்யாணத்தைத்தான், அதற்கு மேல் அவள் உலகம் விரியவில்லை. மாணவிகள் அதைக் குறையாகச் சொல்லும்போது நான் மறுப்பதில்லை. ஆனால் அவள் ஒருநாளும் பசலையை மறைக்கப் பூச்சு கொடுக்கவில்லை. ஆற்றினாள், அதே கையோடு காரணத்தின் வாசலில் போய் நின்றாள். புண்பட்டவளை ஆற்றுவது தோழமையா, சமாதானப்படுத்தி அனுப்புவதா என்று பிரித்துப் பார்க்க எனக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான்: ஆற்றுகிறவர் அடுத்து யாரிடம் பேசுகிறார்? டியூப் யாரிடமும் பேசாது. ஆகவே டியூப்பை வாங்கிக் கொடுக்கிறவர்தான் பேச வேண்டும்.

அந்த மாணவி விஷயத்தில் அது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சுலபமாக நடக்கவில்லை. மருத்துவர் கிரீமை ஒரேயடியாக விடாமல் தன் மேற்பார்வையில் குறைத்து நிறுத்த வழி சொன்னார். வாசனை இல்லாத சாதாரண ஈரப்பூச்சும், வெயிலில் முகத்தை மூடுவதும் போதும் என்றார். வல்லாரையைப் பற்றிக் கேட்டதற்கு, இப்போதைக்குப் புதிதாக எதுவும் வேண்டாம், ஆறிய பிறகு விருப்பமிருந்தால் கையில் பூசிப் பார்த்துவிட்டுப் பூசிக்கொள்ளலாம் என்றார். முகம் தேறப் பல மாதம் ஆயிற்று. அதற்குள் வகுப்பில் நான் ஒரு கேள்வி கேட்டேன்: யார் யார் அந்தக் கிரீமைப் பூசுகிறீர்கள் என்றல்ல, யார் உங்களைப் பூசச் சொன்னது. பதினோரு பேர் கை தூக்கினார்கள். அம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா, அழகு நிலையத்துக்காரர். ஒருத்தி மட்டும், “யாரும் சொல்லல மேடம். சொல்ல வேண்டியதில்ல” என்றாள். நாங்கள் கிரீம்களின் உறைகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பிப் பட்டியலைப் படித்தோம். தயாரிப்பாளர் முகவரியே இல்லாத டப்பா மூன்று இருந்தது. அவற்றைப் பற்றி மாவட்ட மருந்து ஆய்வாளருக்கு மாணவிகளே ஒரு மனு எழுதினார்கள். நான் சந்திப்பிழையை மட்டும் திருத்தினேன்.

அவளுடைய அம்மாவைப் பார்த்தது அதற்குப் பிறகு. விக்கிரமசிங்கபுரம் பக்கம் வீடு. பீடி சுற்றுகிறவர். மடியில் சொளவு, அதில் வெட்டிய இலையும் தூளும், நான் பேசிக்கொண்டிருக்கும்போதும் விரல் நிற்கவில்லை. மகள் முகத்துக்குச் செலவானதெல்லாம் அந்த விரலிலிருந்து வந்தது. எங்கள் தாமிரபரணிப் படுகையில் ஆயிரக்கணக்கான பெண்களின் கை இப்படித்தான் இருக்கிறது. இலை வெட்டும் கத்தரி காய்ப்பேற்றிய கட்டைவிரல், இலை விளிம்பு கீறிய விரல்நுனி, கீறலுக்குள் புகையிலைத் தூள். நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். பீடி சுற்றுகிறவர்களின் சிறுநீரில் அதன் தடயத்தை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். பத்தமடையில் பாய் பின்னுகிறவர்களின் கை தண்ணீரில் ஊறிய கோரையோடு கிடந்து வேறு மாதிரி வெடித்திருக்கும். இந்தக் கைகளுக்காக எந்த டியூப்பிலும் படம் போடவில்லை. தோல் பராமரிப்பு என்று நாம் பேசும்போது தோல் என்பது முகம் என்று எப்போது ஆனது?

இலையைக் கொடுத்து, தூளைக் கொடுத்து, சுற்றிய பீடியை எண்ணி வாங்கி, சரியில்லாததைக் கழித்துப் போடும் கடைக்கு இந்தக் கையைப் பற்றி ஒரு கடமையும் இல்லையா என்று கேட்டேன். அவர் சிரித்தார். கடையில் போய் எரியுது என்று சொன்னால் நாளைக்கு இலை குறையும் என்றார். ஆற்றாமையைச் சொன்னால் கூலி குறைகிற இடத்தில் தோழி எங்கே போய் நிற்பாள்? தனியாக நிற்க முடியாது, நாலு பேராகப் போனால்தான் வேலி அருகிலாவது போகலாம் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் அது தெரிந்திருந்தது. சங்கத்தில் இருக்கிறாராம். கூலி உயர்வுக்கு ஊர்வலம் போயிருக்கிறார். கைக்கு என்று இதுவரை எதுவும் கேட்டதில்லை என்றார். கேட்கலாமோ என்று யோசித்தார்.

கிளம்பும்போது மகளின் அந்தப் பச்சை டியூப்பை எடுத்துவந்து காட்டினார். மருத்துவர் வேண்டாம் என்றதால் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது.

“இத நான் கைக்குப் போடலாமா டீச்சர்? ராத்திரியானா விரலெல்லாம் காந்துது.”

போடலாம், முதலில் முழங்கை உள்பக்கம் கொஞ்சம் பூசிப் பார்த்துக்கொள்ளுங்கள், கீறலில் படாமல் பூசுங்கள், பூசுவதற்கு முன்னால் தூள் போகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்றேன். பகலிலும் ஒருமுறை பூசினால் நல்லது என்று சேர்த்துக்கொண்டேன்.

“பகல்ல ஆகாது. கை வழுவழுன்னு இருந்தா இலை நிக்காது, தூள் ஒட்டும். கடையில கழிச்சிருவாங்க” என்றார். “எல்லாம் சுத்தி முடிச்சப்புறம்தான்.”